கணினி கேள்வி – பதில்: விலைப்பட்டியலில் பணம் எங்கே போகிறது?

இம்மாதம் சுங்கை சிப்புட்டிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை விளையாட்டுக் கணினியைப் பற்றியவை. அவற்றுள் முதல் கடிதத்தில் பலருடைய கேள்வியும் அடங்கியிருப்பதால் அதற்கு விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். நான் செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டுகிறேன். மகன் படிவம் ஐந்து முடித்துவிட்டான். விளையாடுவதற்கும், பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்தால் பாடங்களுக்கும் ஒரு கணினி வேண்டும் என்கிறான். 5,000 வெள்ளி (ரிங்கிட்) வரை என்னால் செலவிட முடியும். ஈப்போவில் ஒரு கடையில் கொடுத்த பட்டியல் இது: கோர் ஐ7-12700எஃப் புராசசர், நீர்க் குளிர்விப்பான், டிடிஆர்4 ரேம் 16 ஜிபி ஒரே துண்டு, ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி கார்டு, 512 ஜிபி எஸ்எஸ்டி, பெயர் குறிப்பிடாத 650 வாட் பவர் சப்ளை, ஆறு விளக்கு விசிறிகள் கொண்ட கண்ணாடி கேஸ். மானிட்டர் வீட்டிலேயே பழையது ஒன்று இருக்கிறது. இது நல்ல கணினிதானா?
— ஒரு தந்தை, சுங்கை சிப்புட்

பதில்: ஐயா, பட்டியலை ஒன்றுவிடாமல் எழுதி அனுப்பியது நல்லதாயிற்று. இந்தக் கணினி ஓடும்; பாடங்களுக்கும் பயன்படும். ஆனால் உங்கள் மகன் எந்த வேலைக்காக இதைக் கேட்கிறானோ, அந்த வேலையைச் செய்யும் பாகத்துக்கு உங்கள் பணம் போய்ச் சேரவில்லை.

விளையாட்டில் திரையில் தெரியும் ஒவ்வொரு காட்சியையும் வரைவது கிராஃபிக்ஸ் கார்டு. நடுத்தர விலையில் ஒரு விளையாட்டுக் கணினி அமைக்கும்போது மொத்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்கு, முடிந்தால் அதற்குச் சற்று மேலாகவும், அந்த ஒரு பாகத்துக்கே ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உங்கள் பட்டியலில் நடந்திருப்பது இதற்கு நேர்மாறானது. லாரிக்குப் பெரிய எஞ்சினைப் பொருத்திவிட்டு, பழைய சிறிய கியர்பெட்டியை அப்படியே விட்டுவைத்ததைப் போன்றது. கோர் ஐ7-12700எஃப், 12 கோர்களும் (தனித்தனியே கணக்கிடும் பகுதிகள்) 20 த்ரெட்களும் (ஒரே நேரத்தில் நடத்தக்கூடிய வேலை வரிசைகள்) கொண்ட, இன்றும் வலுவான புராசசர்தான்; கணினியின் மூளை அது. ஆனால் ஆர்டிஎக்ஸ் 3050 வரைந்து முடிக்கும் வரை அது காத்துக்கொண்டே இருக்கும். மேலும், அது அமரும் எல்ஜிஏ1700 சாக்கெட்டை விட்டு இன்டெல் நிறுவனம் 2024ஆம் ஆண்டிலேயே வேறு சாக்கெட்டுக்கு மாறிவிட்டதால், நாளை மகன் புராசசரை மட்டும் மாற்றிப் அந்தப் புதிய சாக்கெட்டுக்கான தலைமுறைகளுக்குச் செல்ல வழியில்லை.

அந்தக் கார்டைப் பற்றியும் ஒரு செய்தி சொல்ல வேண்டும். ஆர்டிஎக்ஸ் 3050 என்ற பெயரில் வெவ்வேறு கார்டுகள் சந்தையில் உள்ளன. 2022இல் வந்ததில் 8 ஜிபி நினைவகமும் 2,560 கோர்களும் இருந்தன. 2024இல் அதே பெயரைத் தாங்கி வந்த 6 ஜிபி கார்டில் 2,304 கோர்கள்தாம். நினைவகப் பாதையும் 128 பிட்டிலிருந்து 96 பிட்டாகக் குறுகிவிட்டது. இணையத்தில் 3050 பற்றிய பழைய சோதனைக் காணொளிகளைப் பார்த்துவிட்டு 6 ஜிபி கார்டை வாங்குகிறவர்கள் ஏமாந்து போவது இதனால்தான். அந்தக் கார்டுக்கும் ஏற்ற இடம் ஒன்று உண்டு. அடுத்த கடிதத்தில் அது வரும்.

எனவே பட்டியலை மானிட்டரிலிருந்து தொடங்குங்கள். பழைய மானிட்டர் பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸாகத்தான் இருக்கும்; கணினி நொடிக்கு 140 ஃபிரேம்கள் (தனித்தனிப் படங்கள்) வரைந்தாலும் அது காட்டப்போவது 60 மட்டுமே. 24 அங்குலத்தில், 1920×1080 அளவில், 144 ஹெர்ட்ஸ் அல்லது அதற்கு மேற்பட்ட ஒரு மானிட்டரை இந்த 5,000 வெள்ளிக்குள்ளேயே சேர்க்கப் பாருங்கள். 2560×1440 மானிட்டர் அழகாக இருக்கும். ஆனால் அதில் ஒவ்வொரு ஃபிரேமிலும் ஏறத்தாழ 37 லட்சம் புள்ளிகளை வரைய வேண்டும், 1080இல் அது 21 லட்சம்தான். இந்தத் தொகைக்கு 1080 போதும்.

கார்டில் நான் பார்க்கச் சொல்வது 2025இல் வந்த இரண்டு: என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5060, ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி. முன்னதில் 8 ஜிபி நினைவகம் மட்டுமே உண்டு. பின்னது 8, 16 ஆகிய இரு அளவுகளில் வருகிறது; அமெரிக்காவில் வெளியிட்டபோது இரண்டுக்கும் இருந்த வித்தியாசம் 50 டாலர்தான். புதிய விளையாட்டுகளில் படத்தரத்தை உயர்த்தும்போது 8 ஜிபி நிரம்பிவிட்டால், சராசரி ஃபிரேம் எண்ணிக்கை நன்றாக இருப்பதுபோலத் தோன்றினாலும் ஆட்டம் நடுநடுவே திக்கும், சுவர்களும் முகங்களும் மங்கலாகத் தெரியும். நான்கைந்து ஆண்டுகளுக்கு மாற்றப்போவதில்லை என்றால் 16 ஜிபி கார்டையே கேளுங்கள். வேலரன்ட், டோட்டா போன்ற ஆட்டங்களோடு நிறுத்திக்கொள்பவனாக இருந்தால் 8 ஜிபி தாராளம். மகனிடமே இதைக் கேட்டுவிடுங்கள்.

புராசசருக்கு ஆறு கோர்கள் போதும். ரைசன் 5 7500எஃப், ரைசன் 5 7600 ஆகிய இரண்டும் ஏஎம்5 சாக்கெட்டில் அமர்பவை. அந்தச் சாக்கெட்டை 2027க்கு அப்பாலும் ஆதரிப்பதாக ஏஎம்டி அறிவித்துள்ளது. பெயரின் இறுதியில் வரும் ‘எஃப்’ என்ற எழுத்துக்கு, படத்தைத் திரைக்கு அனுப்பும் உள் கிராஃபிக்ஸ் அந்தப் புராசசரில் இல்லை என்று பொருள். நகரத்தில் இருப்பவருக்கு இது பெரிய விஷயமில்லை. ஆனால் உங்கள் ஊரில் கார்டு பழுதானால் அதை ஈப்போவுக்குக் கொண்டுபோய், கடை விநியோகஸ்தருக்கு அனுப்பி, மாற்றுக் கார்டு வந்து சேர வாரக்கணக்கில் ஆகலாம். அதுவரை எஃப் வகைக் கணினி இருண்ட திரையுடன் கிடக்கும். 7600 இருந்தால் விளையாட முடியாவிட்டாலும் பாடங்களையாவது பார்க்கலாம். விலை வித்தியாசம் சிறிதென்றால் 7600 வாங்குங்கள். அதன் பெட்டியிலேயே குளிர்விப்பானும் வருகிறது; 65 வாட் புராசசருக்கு நீர்க் குளிர்விப்பான் தேவையே இல்லை. பாகங்களெல்லாம் பொருந்தும் மதர்போர்டு பி650 வகையில் எளிமையான ஒன்றாக இருக்கட்டும்.

ரேம், அதாவது கணினி வேலை செய்யும்போது பயன்படுத்தும் தற்காலிக நினைவகம், அந்த விஷயத்தில் காலம் சரியில்லை. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகத்தை வாரிக்கொண்டு போவதால், சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய நிறுவனங்கள் தங்கள் உற்பத்தியை அந்தப் பக்கம் திருப்ப, 2025இன் இறுதி மாதங்களிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறிவிட்டது. ஆகவே 32 ஜிபி ஆசையை இப்போதைக்குத் தள்ளிவைத்துவிட்டு, 8 ஜிபி துண்டுகள் இரண்டாக 16 ஜிபி வாங்குங்கள். ஒரே துண்டாக 16 போட்டால் புராசசருக்கும் ரேமுக்கும் இடையிலான இரண்டு பாதைகளில் ஒன்று காலியாகவே இருக்கும். விளையாட்டில் அது நன்றாகவே தெரியும். கணினி வந்ததும் பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே திறக்கும் மதர்போர்டின் அமைப்புத் திரை) எக்ஸ்போ என்ற அமைப்பை இயக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ரேம் பெட்டியில் எழுதியிருக்கும் வேகத்தில் ஓடாது. ஆட்டங்களும் கோப்புகளும் தங்கும் எஸ்எஸ்டி 1 டிபி (ஏறத்தாழ 1,000 ஜிபி) வேண்டும். இன்றைய பெரிய ஆட்டங்கள் சில தனித்தனியே 100 ஜிபிக்கு மேல் பிடித்துக்கொள்கின்றன.

இனிப் பவர் சப்ளை. உங்கள் பட்டியலில் என்னை உண்மையிலேயே கவலைப்பட வைத்தது இதுதான். பெயரில்லாத பவர் சப்ளையின் பக்கவாட்டில் ஒரு சிறிய அட்டவணை ஒட்டியிருக்கும். அதில் 12 வோல்ட் என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். கார்டும் புராசசரும் மின்சாரம் எடுப்பது அங்கிருந்துதான். அங்கே 30 ஆம்பியர் என்றிருந்தால், 12ஐ 30ஆல் பெருக்குங்கள்: 360 வாட். பெட்டியின் முகப்பில் 650 என்று எவ்வளவு பெரிதாக அச்சிட்டிருந்தாலும் உங்கள் மகனின் கணினிக்குக் கிடைக்கப்போவது அந்த 360தான். நல்ல தயாரிப்பில் 12 வோல்ட்டின் கணக்கு முகப்பில் உள்ள எண்ணுக்கு மிக அருகில் இருக்கும். ‘80 பிளஸ்’ என்ற முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதை மட்டுமே சொல்கிறது. மின்னழுத்தம் எகிறினால், கம்பிகள் முட்டிக்கொண்டால் தானாக அணைந்துகொள்ளும் பாதுகாப்பு உண்டா என்பதை அது சொல்லாது. நான் சொன்ன கார்டும் புராசசரும் சேர்ந்து முழு வேகத்தில் 300 வாட்டைச் சுற்றியே எடுக்கும் என்பதால் 550 வாட் போதுமானது. ஆனால் அது பெயர் தெரிந்த தயாரிப்பாளருடையதாகவும், குறைந்தது ஐந்தாண்டு உத்தரவாதம் உள்ளதாகவும் இருக்க வேண்டும். கெட்ட பவர் சப்ளை சாகும்போது தனியாகச் சாவதில்லை. கார்டையும் மதர்போர்டையும் கூடவே கொண்டுபோய்விடும்.

கேஸின் முன்பக்கம் கண்ணாடியாக இல்லாமல் வலையாக இருக்கட்டும். தகரக் கூரைக்குக் கீழே பிற்பகலில் அறையின் வெப்பம் எத்தனை டிகிரி ஏறுகிறதோ, கார்டின் வெப்பமும் ஏறத்தாழ அத்தனை டிகிரி ஏறும். காற்றை உள்ளே இழுக்க இரண்டு விசிறி, வெளியே தள்ள ஒன்று, முன்னால் கழற்றிக் கழுவக்கூடிய தூசி வடிகட்டி; இவ்வளவு போதும். தரையில் வைக்காதீர்கள். எறும்பும் பல்லியும் நம் வீடுகளில் கேஸுக்குள் குடியேறுவதைக் கணினி பழுதுபார்ப்பவர்கள் நன்கு அறிவார்கள்.

இவை அனைத்தும் 5,000 வெள்ளிக்குள் அடங்காமல் போகலாம். அப்போது எதை முதலில் குறைப்பது என்பதில் தெளிவாக இருங்கள். முதலில் 16 ஜிபி கார்டிலிருந்து 8 ஜிபிக்கு இறங்குங்கள். அதற்கும் பற்றாவிட்டால் ரைசன் 5 5600 அல்லது கோர் ஐ5-12400எஃப் போன்ற, பழைய தலைமுறை டிடிஆர்4 ரேம் ஏற்கும் ஆறு கோர் புராசசருக்கு மாறுங்கள்; பிற்காலத்தில் மேம்படுத்தும் வழி குறுகும், வீட்டில் கார்டு பழுதானால் முன்பு சொன்ன சிரமமும் வரும், ஆனால் இன்றைய ஆட்டங்கள் நன்றாகவே ஓடும். பவர் சப்ளையை மட்டும் குறைக்காதீர்கள்.

கடைசியாக, ஒவ்வொரு பாகத்தின் முழு மாடல் எண்ணும் உத்தரவாதக் காலமும் ரசீதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். பாகத்தின் மீது உள்ளூர் விநியோகஸ்தரின் உத்தரவாத ஸ்டிக்கர் இருக்கிறதா எனப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து தனியாக இறக்கிய பொருளுக்கு இங்கே உத்தரவாதம் கிடைப்பது கடினம். சொன்ன பாகத்துக்குப் பதில் வேறொன்றைப் பொருத்தியிருந்தால், அந்த ரசீதை வைத்துக்கொண்டு மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலேயே மனு செய்யலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது.

கேள்வி: சார், எங்கள் தோட்ட அலுவலகத்தில் கழித்துவிட்ட ஒரு கணினியைக் குறைந்த விலைக்கு வாங்கினேன். ஆறாம் தலைமுறை கோர் ஐ5, 8 ஜிபி ரேம், ஒல்லியான கேஸ், 240 வாட் பவர் சப்ளை. இதில் கார்டு போட்டு விளையாட முடியுமா?
— ஒரு வாசகர், சுங்கை சிப்புட் அருகிலுள்ள தோட்டம்

பதில்: முடியும் தம்பி, அளவோடு. மேலே அந்தத் தந்தைக்கு வேண்டாம் என்று சொன்ன ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி கார்டுக்கு ஏற்ற இடம் உங்கள் கணினிதான். மதர்போர்டின் ஸ்லாட்டிலிருந்து ஒரு கார்டு 75 வாட் வரை எடுக்கலாம். இந்தக் கார்டுக்குத் தேவை 70 வாட். அதனால் பெரும்பாலான மாடல்களுக்குப் பவர் சப்ளையிலிருந்து தனி கம்பி வேண்டியதில்லை. உங்கள் கேஸ் ஒல்லியானது என்பதால் பாதி உயரத்தில் வரும் வகையைக் கேளுங்கள். அதனோடு கார்டை ஒல்லியான கேஸில் பொருத்தும் குட்டைத் தகடு பெட்டியில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அலுவலகக் கணினிகளின் பவர் சப்ளை பெரும்பாலும் அந்தந்தத் தயாரிப்பாளரின் தனி வடிவத்தில் இருப்பதால், அதை மாற்றிப் பெரிய கார்டு போடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். ரேமில் இன்னொரு 8 ஜிபி துண்டு சேர்த்தால் உடனே வித்தியாசம் தெரியும்.

ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு செலவு செய்யுங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 14 அக்டோபர் 2025 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்கும் இன்டெல் புராசசர்கள், ஒரு சில விதிவிலக்குகள் தவிர, எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகின்றன. ஆகவே கார்டுக்கு மேல் இந்தக் கணினியில் பெரிய பணம் போட வேண்டாம். பின்னாளில் அந்தக் கார்டைக் கழற்றிப் புதிய கணினியிலும் பொருத்திக்கொள்ளலாம்.

கேள்வி: ஐயா, போன மழைக்காலத்தில் இடி விழுந்து எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியும் மோடமும் போய்விட்டன. இப்போது தம்பிக்குக் கணினி வாங்கியிருக்கிறோம். யுபிஎஸ் வாங்கினால் பாதுகாப்பா?
— ஓர் ஆசிரியை, சுங்கை சிப்புட்

பதில்: சகோதரி, யுபிஎஸ் முக்கியமாக மின்தடைக்கானது, இடிக்கு அதையே நம்பியிருக்க முடியாது. கடையில் மலிவாகக் கிடைக்கும் 650 விஏ யுபிஎஸ் ஏறக்குறைய 360 வாட் சுமையைத்தான் தாங்கும். விளையாட்டு நடக்கும்போது மின்சாரம் போனால் கோப்பைச் சேமித்து அணைக்கச் சில நிமிடங்கள் கிடைக்கும், அவ்வளவே.

இடிக்கு நிச்சயமான பாதுகாப்பு ஒன்றுதான்: வானம் இருட்டத் தொடங்கும்போதே பிளக்கைச் சுவரிலிருந்து உருவிவிடுவது. சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. மின்னலின் அழுத்தம் சுவிட்சின் சிறிய இடைவெளியைத் தாண்டிவிடும். பலரும் மறப்பது இன்னொரு வழி: மோடமிலிருந்து கணினிக்கு வரும் நெட்வொர்க் கேபிள். ஃபைபர் இழை மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் மோடம் சுவரில் மின்சாரத்தோடு இணைந்திருக்கிறது, அங்கிருந்து செப்புக் கம்பி வழியாக மதர்போர்டுவரை பாதை இருக்கிறது. மின் பிளக்கை உருவிவிட்டு அந்தக் கேபிளை அப்படியே விட்டால் கணினி இன்னும் ஆபத்தில்தான் இருக்கிறது. இரண்டையும் கழற்றுங்கள்.

வீட்டில் ஆள் இல்லாத நேரத்துக்காக, சிரிம் தர முத்திரை உள்ள ஒரு மின்னெழுச்சித் தடுப்பு வாங்கி வையுங்கள். அதற்குள் இருக்கும் பாகம் ஒவ்வோர் அடியையும் தாங்கித் தாங்கித் தேய்ந்துபோகும். அதன் விளக்கு அணைந்துவிட்டால் தடுப்பு முடிந்தது, வெறும் நீட்டிப்புக் கம்பிதான் மிச்சம். எழுச்சியை நிலத்துக்கு அனுப்ப வீட்டில் எர்த் கம்பி சரியாக இருக்க வேண்டும். பழைய லயன் வீடுகளிலும் கூடுதலாகக் கட்டிய அறைகளிலும் அது அறுந்தோ துருப்பிடித்தோ இருக்க வாய்ப்புண்டு என்பதால், எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேன் ஒருவரை அழைத்து ஒருமுறை அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: முடா என்ற பழைய பொருள் விற்பனைத் தளத்தில் ஆர்எக்ஸ் 580 8 ஜிபி கார்டு மலிவாகப் போட்டிருக்கிறார்கள். வாங்கலாமா?
— ஒரு மாணவர், சுங்கை சிப்புட்

பதில்: ஆர்எக்ஸ் 580 வெளிவந்தது 2017இல். அதில் 2,304 கோர்கள் இருக்க வேண்டும். அதே பெயரில் 2,048 கோர்களோடு ஒரு குறைந்த வகையும் ஏராளமாகப் புழங்குகிறது. விற்பவர் வீட்டில் கணினியில் பொருத்தி, ஜிபியு-இசட் என்ற இலவசச் செயலியைத் திறந்து, ‘ஷேடர்ஸ்’ என்ற கட்டத்தில் எந்த எண் வருகிறது என்று பாருங்கள். இந்தக் கார்டுகளில் பல, 2022 செப்டம்பரில் இதீரியம் என்ற மின்னிலக்க நாணயத்தைக் கார்டுகளால் ‘தோண்டி’ ஈட்டுவது நிறுத்தப்படும்வரை இரவுபகலாக அந்த வேலை செய்தவை. அதற்காகவே ஒரு கார்டை ஒதுக்க வேண்டியதில்லை. விசிறிகள் ஆட்டமில்லாமல் சுழல்கின்றனவா, ஒரு கனமான ஆட்டத்தைக் கால் மணி நேரம் ஓட்டினால் திரையில் புள்ளிகளோ கோடுகளோ வருகின்றனவா என்று கண்முன்னால் பார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள். சோதித்துக் காட்ட மறுப்பவரிடம் வாங்க வேண்டாம். என் கணக்கில், இந்த வயதுடைய கார்டுக்கு மிகச் சிறிய தொகைக்கு மேல் கொடுப்பது வீண்.

கேள்வி: புதிய கார்டு போட்டும் ஆட்டம் இழுக்கிறது. கார்டு கெட்டதா?
— ஒரு மாணவி, சுங்கை சிப்புட்

பதில்: முதலில் கணினியின் பின்பக்கம் பாருங்கள், தங்கச்சி. மானிட்டர் கேபிள் மதர்போர்டின் துளையில் இல்லாமல் கார்டின் துளையில் செருகப்பட்டிருக்க வேண்டும். அடுத்து, விண்டோஸின் திரை அமைப்பில் புதுப்பிப்பு வேகம் 60 என்றே நின்றுவிட்டதா என்று பார்த்து உயர்த்துங்கள். இரண்டும் சரியாக இருந்தால் ஆட்டத்துக்குள் ஃபிரேம் எண்ணிக்கையையும் பிங் எண்ணையும் (ஆட்டத்தின் சர்வருக்குச் செய்தி போய்த் திரும்ப ஆகும் நேரம்) ஒரே நேரத்தில் காட்டச் செய்யுங்கள். ஃபிரேம் குறைகிறது என்றால் கணினியைப் பார்க்க வேண்டும். ஃபிரேம் நிலையாக இருந்து பிங் மட்டும் எகிறுகிறது என்றால் கார்டில் குறையில்லை. சிங்கப்பூரில் உள்ள சர்வருக்கும் உங்கள் அறைக்கும் இடையிலான இணைப்பில்தான் குறை. வைஃபையை விட்டு, மோடமிலிருந்து நேராக ஒரு கேபிள் இழுத்துப் பாருங்கள். கைப்பேசி இணைப்பில் விளையாடுகிறீர்கள் என்றால் மோடத்தைச் செம்பனை மரங்கள் மறைக்காத, கோபுரத்தைப் பார்த்த சன்னல் பக்கம் நகர்த்தி வைத்து, பிங் இறங்குகிறதா என்று மறுபடி கவனியுங்கள்.